ஃபிரேமுக்குள் எத்தனை மரம்?

காட்டைப் படமெடுப்பது பார்க்க எளிதான வேலை. எடுக்கப் போனால் பெரும்பாடு. மரம் ஓடாது. கண்ணைச் சிமிட்டாது. "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று கெஞ்சினால் முகம் சுளிக்காது. கல்யாண வீட்டுப் போட்டோகிராபர் கனவிலும் காணாத இத்தனை வசதிகள் இருந்தும், கொடைக்கானலிலிருந்து இறங்கும் குடும்பங்களின் செல்போன்களில் மிஞ்சுவது பச்சையாக ஏதோ ஒன்றுதான். அதைக் காட்டும்போது கூடவே ஒரு விளக்கமும் வரும்: "நேர்ல பாக்கணுமே, அவ்ளோ அழகா இருந்துச்சு." படம் தோற்றுவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றிதழ் கிடையாது.

குற்றத்தை முழுக்கக் கேமராவின் தலையில் கட்ட முடியாது. மனிதனுக்குக் கண் இரண்டு. அவற்றுக்கு நடுவே ஆறு சென்டிமீட்டர் சொச்சம் இடைவெளி. இரண்டும் சற்றே வேறுபட்ட காட்சிகளை அனுப்ப, மூளை அவற்றை ஒப்பிட்டு, இந்த மரம் முன்னால், அந்த மரம் பின்னால், நடுவில் தொங்குவது கொடி என்று பிரித்து வைக்கிறது. கேமரா ஒற்றைக் கண்ணால் பார்க்கிறது. முன்மரம், பின்மரம், கொடி, அதற்கும் பின்னால் இருக்கும் புதர் எல்லாவற்றையும் ஒரே தளத்தில் அழுத்தி ஒட்டிவிடுகிறது. போதாக்குறைக்கு, தனக்கு வேண்டாததைப் பார்க்காமல் இருக்கும் திறமை மூளைக்கு உண்டு. சிப்ஸ் பாக்கெட், மின்கம்பி, "இங்கு குப்பை போடாதீர்" என்ற பலகை, அதன் கீழே கிடக்கும் குப்பை எதுவும் நேரில் பார்த்தவர் நினைவில் இருக்காது. படத்தில் எல்லாம் இருக்கும்.

ஒற்றைக் கண்ணின் சிக்கலை முன்கூட்டியே அறிய எளிய வழி ஒன்று உண்டு: ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஆட்டாமல் காட்டைப் பார்ப்பது. அப்போதும் தனியாகத் தெரிகிற மரம் படத்திலும் தனியாகத் தெரியும். மற்றதோடு கலந்து மறைகிற மரத்துக்காக மெமரி கார்டை நிரப்ப வேண்டியதில்லை. சுற்றுலா இடத்தில் நின்றுகொண்டு ஒரு கண்ணை மூடுவது வேறு பொருளில் புரிந்துகொள்ளப்படும் என்பதால், எதிரே ஆள் வராத நேரம் பார்த்துச் செய்வது உடம்புக்கு நல்லது.

ஆக, காட்டுப் படத்தில் சேர்க்கும் வேலை எதுவும் இல்லை. கழிக்கும் வேலைதான் முழுவதும். இதைச் செய்துகாட்டியவர்களில் முதன்மையானவர் அமெரிக்கரான எலியட் போர்ட்டர் (1901-1990). மருத்துவம் படித்து, ஹார்வர்டில் ஆராய்ச்சியில் இருந்தவர், அதை விட்டுவிட்டுப் படமெடுக்கக் கிளம்பினார். டாக்டர் வேலையை விட்டு இலையைப் படமெடுக்கப் போகிறேன் என்று நம் வீடுகளில் ஒருவர் சொன்னால் என்ன நடக்கும் என்பது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. 1962இல் சியரா கிளப் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அவருடைய வண்ணப் படங்களைப் பெரிய நூலாக வெளியிட்டது. 1979இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அவருக்காக நடத்திய கண்காட்சிக்கு ‘நெருக்கமான நிலக்காட்சிகள்’ என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். பெயரே பாதிப் பாடம். அவருடைய காட்டுப் படங்கள் பெரும்பாலானவற்றில் வானம் கிடையாது. நாலு அடிமரம், கொஞ்சம் இலை, ஒரு பாறை, அவ்வளவுதான். மீதிக் காட்டைப் பார்ப்பவரே நட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

தமிழ்நாட்டு மலைகளில் தொடக்கநிலையாளருக்குக் கிடைக்கும் காடுகளை, படமெடுக்கும் வசதியை மட்டும் வைத்து, இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று மனிதர் நட்டது: 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் விறகுத் தேவைக்காக நீலகிரியில் கொண்டுவந்து பரப்பிய யூகலிப்டஸும் சீகையும், பிற்பாடு வந்த பைனும். மற்றது தானாக வளர்ந்த சோலைக்காடு. புல்வெளிகளையும் ஓடைகளையும் விழுங்கிய அந்நிய மரங்களைக் கண்டால் சூழலியலாளர் பெருமூச்சு விடுவார். படமெடுக்கக் கற்பவரும் பெருமூச்சுதான் விடுவார், ஆனால் நிம்மதியில். இரண்டு பெருமூச்சும் நியாயமானவை.

பைன் தோட்டம் சுலபமானதற்குக் காரணம் ஒழுங்கு. மரங்கள் நேராக, வரிசையாக, ஏறக்குறைய ஒரே பருமனில் நிற்கின்றன. உதிர்ந்த ஊசியிலைகள் தரையை மூடிவிடுவதால் கீழே புதர்க் குழப்பமும் குறைவு. இங்கே கற்க வேண்டிய பாடம் ஒன்றே ஒன்று: அடிமரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பார்த்துக்கொள்வது. இரண்டு மரங்கள் படத்தில் ஒட்டிக்கொண்டால் கண் அவற்றை ஒரு பருத்த, விளங்காத உருவமாகவே எடுத்துக்கொள்ளும். நடுவே கொஞ்சம் வெளிச்சம் விட்டால் இரண்டும் பிழைக்கும். அதற்கு லென்ஸை மாற்றிப் பயனில்லை. நிற்கும் இடத்தை மாற்ற வேண்டும். அரையடி இடப்பக்கம் நகர்ந்தால் இந்த இரண்டு மரமும் பிரியும். அந்த இரண்டும் சேரும். ஒரு சாண் குனிந்தால் வேறு இரண்டு கூட்டுச் சேரும். எல்லாம் பிரிந்து நிற்கும் புள்ளி எங்கேயோ இருக்கிறது; கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டே பக்கவாட்டில் நகர்ந்து, குனிந்து, நிமிர்ந்து, மறுபடி நகர்ந்துதான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்குப் பாட்டு மட்டும் கேட்காத நடனக் காட்சி ஒன்று தெரியும். கொடைக்கானல் பைன் காட்டுக்கு அது பழகிய காட்சிதான். அங்கே எத்தனையோ கதாநாயகர்கள் இதைவிட மோசமாக ஆடியிருக்கிறார்கள்.

மலைக்குப் போக லீவு கிடைக்காதவர்கள் இந்தப் பயிற்சியைப் பக்கத்துத் தென்னந்தோப்பிலேயே முடித்துக்கொள்ளலாம். வரிசை அங்கேயும் உண்டு. மேலே ஒரு கண் வைத்திருப்பது மட்டும் கூடுதல் நிபந்தனை.

சோலைக்காட்டுக்கு இந்த ஒழுங்கெல்லாம் தெரியாது. நீலகிரியிலும் பழனி மலைகளிலும் புல்வெளிகளுக்கு நடுவே, மலை மடிப்புகளில், ஓடையை ஒட்டி அடர்ந்து நிற்கும் காடு அது. மரங்கள் குட்டை, கிளைகள் முறுக்கேறியவை, உடம்பெல்லாம் பாசி. ஒரு மரத்தின் மேல் இன்னொரு செடி, அதன் மேல் வேறொரு கொடி என்று வாடகைக்கு விட்டிருப்பார்கள். கோத்தகிரியை ஒட்டிய லாங்வுட் சோலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஊருக்குப் பக்கத்திலேயே தப்பிப் பிழைத்திருக்கும் அந்தக் காட்டை 2024இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்த்தார்கள். பரப்பு 116 ஹெக்டேர். அந்த 116 ஹெக்டேரையும் ஒரே படத்தில் அடைத்துக்கொண்டு வந்துவிட வேண்டும் என்பதுதான் வந்தவர்கள் எல்லோருக்கும் முதலில் தோன்றும் ஆசை.

அந்த ஆசையைத் தணிக்க வேண்டுமானால் ஒத்துப்போகாத ஒன்றைத் தேட வேண்டும். எல்லா மரமும் நிமிர்ந்திருக்க, ஒன்று மட்டும் சாய்ந்திருக்கும். எல்லாம் கறுத்திருக்க, ஒன்றின் பட்டை மட்டும் வெளிறியிருக்கும். எல்லாம் பச்சையாக இருக்க, நாவல் இனத்து மரம் ஒன்று செந்தளிர் விட்டிருக்கும். அல்லது சோலையின் ஓரத்தில் காட்டுப்பூவரசு சிவப்பாகப் பூத்திருக்கும். ஒவ்வொரு சொந்தக்காரக் கூட்டத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். படத்தில் கண் போவதும் அவரிடம்தான். அந்த ஒன்றைக் கண்டுபிடித்த பிறகு மற்ற மரங்களின் வேலை துணைநிற்பது மட்டுமே. அதைக்கூடச் செய்யாத மரம் ஃபிரேமுக்கு வெளியே போகலாம்.

வெளியே அனுப்ப எளிய கருவி ஜூம். செல்போனின் அகலக் காட்சி லென்ஸ், அதிலும் 0.5 என்று எழுதியிருக்கும் பொத்தான், காட்டுக்குள் தொடக்கநிலையாளரின் முதல் எதிரி. எல்லாவற்றையும் உள்ளே இழுத்து, எல்லாவற்றையும் சின்னதாக்கும். 2 அல்லது 3 என்று எழுதியிருப்பதை அழுத்தினால் பாதிக் குழப்பம் தானாக விலகும். பெரிய கேமரா வைத்திருப்பவர்களில் பலர் காட்டுக்கு 70-200 மி.மீ. லென்ஸை எடுத்துப்போவதும் இதற்காகத்தான். பக்கத்தில் புலி வந்தால் எடுப்பதற்கு என்று வீட்டில் சொல்லி வாங்கியிருப்பார்கள். அது வேறு.

அடுத்த தொல்லை வானம். இலைகளின் சந்து வழியே தெரியும் வானம் நேரில் பார்க்க ரம்மியமானது. படத்திலோ அது வெள்ளை வெள்ளைப் பொத்தல்கள். பார்ப்பவர் கண் எப்போதும் படத்தின் மிக வெளிச்சமான இடத்துக்கு ஓடும். அரை மணி நேரம் நகர்ந்து குனிந்து கண்டுபிடித்த மரத்தை விட்டுவிட்டு, மேல் மூலையில் இருக்கும் பொத்தலைப் பார்த்துக்கொண்டிருக்கும். கேமராவைக் கொஞ்சம் கீழ்நோக்கித் திருப்புவது ஒரு வழி. மலையில் இன்னொரு நல்ல வழி உண்டு: மேட்டில் நின்று பள்ளத்தைப் பார்த்து எடுப்பது. அப்போது பின்னணியில் வானத்துக்குப் பதில் எதிர்ச்சரிவு வந்துவிடும். வால்பாறை ஏறும் பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இப்படிப்பட்ட இடங்கள் நிறைய. வளைவிலேயே வண்டியை நிறுத்துவது கூடாது. ஆனால் எந்தக் குடும்பப் பயணத்திலும் பின் இருக்கைப் பிள்ளை ஒன்று சீக்கிரமே குமட்டத் தொடங்கும். பிளாஸ்டிக் பையைத் தேடும் கலவரத்தில் டிரைவர் அகலமான ஓரம் பார்த்து ஒதுக்குவார். அந்த ஐந்து நிமிடம் படமெடுப்பவருக்கு ஒதுக்கப்பட்டது. பிள்ளையின் முதுகைத் தடவிவிட யாராவது ஒருவர் மிச்சம் இருந்தால் போதும்.

பொத்தானை அழுத்துமுன் ஃபிரேமின் நான்கு ஓரங்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுவது, செலவில்லாத பழக்கங்களில் மிகப் பலனுள்ளது. நடுவில் உள்ள மரத்தையே பார்த்துக்கொண்டிருப்பதால் ஓரத்தில் நடப்பது தெரிவதில்லை. எங்கிருந்தோ ஒரு கிளை, தன் சொந்த மரத்தை வெளியே நிறுத்திவிட்டுக் கையை மட்டும் உள்ளே நீட்டியிருக்கும். பாதி அடிமரம் ஒன்று இடது விளிம்பில் நிற்கும்; முழுதாக உள்ளே எடுக்க வேண்டும், அல்லது முழுதாக வெளியே தள்ள வேண்டும். நீட்டிய கிளையை ஒடித்துவிடலாமே என்று கூட வந்த மச்சான் யோசனை சொல்வார். 1882ஆம் ஆண்டிலிருந்தே இங்கே வனச் சட்டம் என்று ஒன்று இருப்பதை அவருக்கு நினைவூட்டலாம். கேமராவை ஒரு சாண் நகர்த்தினால் அதே கிளை காணாமல் போகும், வழக்கும் வராது.

படத்தை மூன்று மூன்றாகப் பிரித்து, முக்கியமானதை அந்தக் கோட்டில் வைக்கச் சொல்லும் விதியைக் கேள்விப்படாதவர் இல்லை. 1797இல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயச் செதுக்கோவியர் கிராமக் காட்சிகளை வரைவது பற்றி எழுதிய புத்தகத்தில் அதற்குப் பெயர் சூட்டினார். இன்று எல்லா செல்போன் திரையிலும் கட்டம் போட்டு நிற்கிறது. தொடக்கத்தில் அதைப் பின்பற்றுவதில் பெரிய தீங்கில்லை. வலப்பக்கம் சாய்ந்த மரத்தை இடக்கோட்டில் நிறுத்தினால், சாய்வதற்கு இடம் இருக்கும். நிமிர்ந்த மரம் நடுவில் நின்றாலும் குடி முழுகிப்போகாது. காட்டுப் பாதை விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. பாதை கண்ணைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும் என்பது உண்மை. ஆனால் கூட்டிப்போய் விடுகிற இடத்தில் ஏதாவது இருக்க வேண்டும். வளைவோ, வெளிச்சமோ, ஒரு பெரிய மரமோ இல்லாமல் பாதை குப்பைத் தொட்டியில் போய் முடிந்தால், அதுவே படத்தின் நாயகன்.

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் உழைப்பே இல்லாமல் செய்துதரும் ஒன்று உண்டு: மூடுபனி. பின்னால் இருக்கும் மரங்களை ஒவ்வொரு அடுக்காக வெளிற வைத்து, கேமராவுக்கு இல்லாத இரண்டாவது கண்ணைத் தற்காலிகமாகத் தருகிறது. வானத்துப் பொத்தல்களை அடைக்கிறது. பலகையையும் மின்கம்பியையும் விழுங்குகிறது. இதில் உள்ள சிக்கல் வானிலையைவிடக் குடும்பத்தைச் சார்ந்தது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் எடுத்துத்தான் போக வேண்டும். அதையும் எடுத்து, அறையும் போட்டு, ஸ்வெட்டரும் வாங்கி வந்தவர்களுக்கு வெயில் வேண்டும், பள்ளத்தாக்கு தெரிய வேண்டும். "ஒண்ணுமே தெரியல, கிளம்பலாம்" என்று மாமா எழுந்திருக்கும் அதே நொடியில்தான் படமெடுப்பவர் பையைத் திறப்பார். அன்று மாலை வரை யாரும் அவரோடு பேச மாட்டார்கள். படம் எடுக்க அமைதி தேவை என்பதால் இதையும் நன்மைக் கணக்கிலேயே எழுத வேண்டும்.

பனி கிடைக்காத நாளில் மேகமூட்டம் போதும். மழை விட்ட அரைமணி இன்னும் மேல். பட்டை கறுத்து, பாசி பளிச்சென்று, இலைகள் கழுவிவிட்டபடி இருக்கும். தவிர்க்க வேண்டியது உச்சி வெயில். நிழலும் வெயிலும் திட்டுத் திட்டாக விழுந்து, எது இலை எது வெளிச்சம் என்று தெரியாமல் போகும். சுற்றுலா வேன்கள் வந்து சேர்வது சரியாக அந்த நேரத்தில்தான்.

பனியில் கேமராவுக்கு ஒரு சின்னத் தடுமாற்றம் வரும். அதன் ஒளிமானி, முன்னால் இருப்பது எதுவானாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொள்ளும். வெண்பனியையும் சாம்பலாக்கி, படத்தை இருட்டடித்துவிடும். ஒரு ஸ்டாப் அளவுக்கு, அதாவது இரு மடங்காக, வெளிச்சத்தைக் கூட்டினால் சரியாகும். செல்போனில் திரையைத் தொட்டதும் வரும் சூரியக் குறியை மேலே தள்ளினால் அதே பலன். கருங்காட்டுக்குள் ஒரே ஒரு கதிர் விழும்போது நிலைமை தலைகீழ்; அங்கே கீழே தள்ள வேண்டும்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, கடைக்காரர் சொல்வார். லென்ஸின் துளையை எஃப் 8 அல்லது எஃப் 11இல் வைத்தால் முன்மரமும் பின்மரமும் ஓரளவு தெளிவாக விழும். வெளிச்சம் குறைவதால் ஷட்டர் மெதுவாகும்; கை நடுங்கும்; ட்ரைபாட் தேவைப்படும். ட்ரைபாட் இருந்தும் காற்றடித்தால் இலை அசையும். அப்போது ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டலாம், காற்று நிற்கும் வரை காத்திருக்கலாம். காற்றுக்கு அவசரம் கிடையாது. வாங்கியே ஆக வேண்டிய ஒன்று போலரைசர் ஃபில்டர். இலைகளின் மேல் படியும் வெள்ளைப் பளபளப்பை நீக்கி அடியில் இருக்கும் பச்சையை வெளியே கொண்டுவரும். பதிலுக்கு ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைக் கூலியாக எடுத்துக்கொள்ளும். செல்போன்காரர்கள் போலரைஸ்டு கூலிங் கிளாஸை லென்ஸ் முன்னால் பிடித்து, மெல்லத் திருப்பிப் பார்த்தால் அதே மாற்றத்தைக் காணலாம். கூலிங் கிளாஸ் மச்சானுடையதாக இருந்தால், அவர் தேடத் தொடங்குவதற்குள் முடித்துவிட வேண்டும்.

கேமரா போதவில்லை என்று குறைப்படுபவர்கள் மா. கிருஷ்ணனை (1912-1996) நினைத்துப்பார்க்கலாம். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன், இந்தியக் காட்டுயிர்ப் படக் கலையின் முன்னோடி. வெவ்வேறு பாகங்களைத் தாமே சேர்த்துப் பொருத்திய கேமராவோடு காடுகளில் அலைந்து, கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். கறுப்பு வெள்ளை தொடக்கநிலையாளருக்கும் நல்ல ஆசிரியர். திரையை அந்த நிறத்துக்கு மாற்றிக்கொண்டு காட்டைப் பார்த்தால், பச்சை போய்விட்ட பிறகு உருவம் ஏதாவது மிஞ்சுகிறதா என்பது உடனே தெரிந்துவிடும். மிஞ்சாவிட்டால் பச்சையாலும் அந்தப் படத்தைக் காப்பாற்ற முடியாது.

மனிதரைப் படத்தில் சேர்ப்பது குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. தூரத்தில் சின்னதாக ஒரு ஆள் நின்றால் மரத்தின் உயரம் விளங்கும்; இது கலை. மரத்தைக் கட்டிப்பிடித்து, ஒரு காலைத் தூக்கி நின்றால் அது வேறு துறை. கொடைக்கானல் குணா குகைக்குப் பக்கத்தில் தரையெல்லாம் புடைத்து ஓடும் வேர்கள், கோடுகளை வைத்து ஒரு படத்தைக் கட்டப் பழகுவதற்குப் பிரமாதமான இடம். ‘மஞ்ஞுமல் பாய்ஸ்’ திரைப்படம் வந்த பிறகு அங்கே ஆள் விழாத வேர் ஒன்றைக் காண்பது அரிது. விடியற்காலை, நல்ல மழை, வாரத்தின் நடுநாள் இவற்றில் இரண்டேனும் ஒன்று சேர்ந்தால் முயன்று பார்க்கலாம்.

தாழ்ந்த கோணத்தில் எடுப்பது வேர்களுக்கும் காளான்களுக்கும் மிக நல்லது. மழைக்கால வால்பாறையில் அப்படி முழங்கால் போட்டு உட்காருபவரை அட்டைகள் வெகு தொலைவிலிருந்தே வரவேற்கக் கிளம்பிவிடும். அட்டைக்கான காலுறை, கொஞ்சம் உப்பு, அல்லது வேகமாகப் படமெடுக்கும் திறமை, மூன்றில் ஒன்று கையில் இருக்க வேண்டும். கொடைக்கானலிலும் கோத்தகிரியிலும் காட்டுமாடுகள் ஊருக்குள்ளேயே உலவுகின்றன. மரத்தை நோக்கி வைத்த ஃபிரேமுக்குள் அவற்றில் ஒன்று நடந்து வந்தால், மரப் படக்காரர் திடீரென்று காட்டுயிர்ப் படக்காரராக மாறத் தேவையில்லை. பின்னால் நகர்வது போதும், பக்கவாட்டு நடனம் இங்கே செல்லாது. காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும். சாலையோரத்திலேயே தேவைக்கு மேல் மரங்கள் இருப்பதால் கற்பவருக்கு இது பெரிய இழப்பு இல்லை.

வீட்டுக்கு வந்த பின் எடிட்டிங். எல்லா ஆப்களிலும் நிறத்தின் அடர்த்தியைக் கூட்டும் பட்டை ஒன்று இருக்கும். அதை வலக்கோடிக்குத் தள்ளினால் இலைகள் பெயின்ட் கடையின் நிற அட்டைக்கு மாறிவிடும். காட்டுப் படத்துக்கு வேண்டியது பெரும்பாலும் எதிர்த்திசை: பச்சையைக் கொஞ்சம் குறைத்து, ஓரங்களைச் சற்றே இருட்டாக்கி, மூலையில் தப்பி நின்ற பொத்தலை வெட்டி எறிவது. இத்தனைக்கும் பிறகு நூறில் இரண்டு படம் தேறினால் நல்ல பயணம்.

அந்த இரண்டையும் குடும்ப வாட்ஸாப் குழுவில் சாதாரணமாக அனுப்பினால், அது படத்தை நசுக்கி, பாசியையும் பனியையும் ஒரே மாவாக அரைத்துவிடும். இலைகள் நிறைந்த படத்தில்தான் இந்தச் சேதம் அதிகம். டாக்குமென்ட் என்ற வழியாக அனுப்பினால் முழுத் தரத்தோடு போய்ச் சேரும். மாமா அதைத் திறந்து, இரண்டு விரலால் பெரிதாக்கி, ஒவ்வொரு மரத்துக்குப் பின்னாலும் தேடிப் பார்த்துவிட்டுக் கேட்பார்: "இதுல நாங்க யாருமே இல்லையே?"